மறைந்த வேலையும் மனச்சாட்சியும்



பிறர் காண முடியாத இடத்தில் செய்யும் வேலையில் கவனம் குறைந்தால் அது குற்றமா? அற்பமாகத் தோன்றும் இக்கேள்வியை ஒரு சைக்கிளைக் கொண்டு ஆராய்வோம்.

முற்காலச் சைக்கிள்களில் பிரேக் கம்பிகள் யாவும் வெளியே தெரியும். துரு ஏறினால் சிறுவனும் சொல்லிவிடுவான். இப்போதோ பல சைக்கிள்களில் பிரேக் ஒயரும் கியர் ஒயரும் பிரேமின் குழாய்க்குள்ளேயே ஓடுகின்றன. பார்வைக்கு அழகுதான், மாற்றுவதோ பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு துவாரத்தில் நுழைத்த ஒயர் மறு துவாரத்தில் எளிதில் தலை காட்டாது. ஆகையால் விவரமறிந்தவர், பழைய ஒயரை உருவுமுன் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழலைச் செலுத்தி, அதையே புது ஒயருக்கு வழியாக்குவார். வழி தவறினால் காந்தத்தைக் கொண்டு நடத்துவார்.

இங்கேதான் சோதனை வருகிறது. பிரேக் ஒயரின் உறை சாதாரணமாகச் சுருள் எஃகால் ஆனது. கியர் உறையிலோ எஃகு இழைகள் நீளவாட்டில் கிடக்கும். வெளித்தோல் ஒன்று போலவே இருக்கும். கைவசம் பிரேக் உறை இல்லையென்று கியர் உறையை மாட்டிவிட்டால், பிரேக்கை இறுகப் பிடிக்கும் வேளையில் அது பிளந்துவிடலாம். இறக்கத்தில் செல்பவன் கதி என்ன?

"அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை; இது பொய்யாகுமா?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வார்த்தையில் பொய் இல்லை, மெய்தான். ஆனால் அவர் கூலி கொடுத்தது கையுழைப்புக்கு மட்டுமன்று. தாம் பார்க்க முடியாத இடத்தைத் தமக்காகப் பார்க்கும் கண்ணுக்கும் சேர்த்தே. ஆகவே மறைவு கடமையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. சோதித்துப் பார்க்கக்கூடியவனை ஏமாற்றுவது தவறு. நம்புவதன்றி வேறு வழியற்றவனை ஏமாற்றுவது அதனினும் பெரிய தவறு. பிழை தெரிந்தபின் அவிழ்த்து மறுபடி மாட்டுவதே நியாயம். நேரம் போயிற்றே என்பது வெறும் சாக்கு.

நீதி ஒரு பக்கமாக நிற்பதன்று. "ஒரு ஒயருக்கு இவ்வளவு கூலியா?" என்று பேரம் பேசுகிறோமே! உள்ளே நடந்த உழைப்பை நாம் காணாததால் அது நடக்கவில்லை என்றாகுமா? காணாத உழைப்புக்குக் கூலி மறுப்பவர், காணாத இடத்தில் மட்டும் நேர்மையை எதிர்பார்ப்பது எப்படி?

சுவருக்குள் ஓடும் மின்கம்பி, கட்டடத்தின் அஸ்திவாரம், பிள்ளைக்குப் புகட்டும் பாடம்: நம் ஒவ்வொருவர் தொழிலிலும் இப்படி ஒரு குழாய் உண்டு. அதற்குள் எதை மாட்டி வைத்திருக்கிறோம் என்று இவ்வாரம் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.