வெளிச்சம் சரியில்லாத இடம்

வளர்ப்பு நாயின் விளையாட்டைப் படமெடுக்க விரும்புகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் புத்திமதி ஒன்று உண்டு: காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் எடுக்க வேண்டும், பின்னணி ஒரே நிறமாக இருக்க வேண்டும், கண்ணைப் பிடித்திழுக்கும் வேறெதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது. மரக்காணத்து உப்பளக் கரையில் பகலில் இதில் ஒன்றுகூடக் கிடைக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாகக் கிடக்கும் உப்பு, உச்சிவெயிலை வாங்கியபடியே திருப்பி வீசுகிறது. பின்னால் குவியல்கள், மின்கம்பம், லாரி. இங்கே ஒரு நாய் துள்ளி ஓடும்போது, 'ஆட்டம் அருமை, இடம்தான் சரியில்லை' என்று அலுத்துக்கொள்வது எளிது. விளையாட்டு வேறு, அது நடக்கும் இடம் வேறு என்று இரண்டாகப் பிரிக்க முடியும் என்ற நம்பிக்கை அந்த அலுப்புக்கு அடியில் இருக்கிறது. பிரிக்க முடியாது என்பது என் கட்சி. நம்முடைய சமயச் சிந்தனையும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இறைவன் உலகத்தை ஏன் படைத்தான் என்ற கேள்விக்குப் பிரம்ம சூத்திரம் தரும் விடை, வெறும் விளையாட்டு என்பதே. குறையே இல்லாதவனுக்கு அடைய வேண்டிய பயன் என்று எதுவும் இல்லை. சைவ சித்தாந்தம் இதை முழுதாக ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. படைப்பு முதலான ஐந்தொழிலை விளையாட்டு என்றும் சொல்லலாம், உயிர்களின் மலத்தைத் துடைக்கும் அருள் என்றும் சொல்லலாம் என்று சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் இரண்டுக்கும் இடம் வைத்தார். இந்த வழக்கில் யார் வென்றாலும், ஆடுகிறவன் களம் சீராகட்டும் என்று காத்திருந்ததாக யாரும் சொல்லவில்லை. சிவன் ஆடுவது சுடுகாட்டில். திருவாலங்காட்டு ஆட்டத்தைப் பாடிய காரைக்கால் அம்மையார் பேய்களையும் எரியும் பிணங்களையும் முள்ளையும் ஒதுக்கிவிட்டுக் கூத்தனை மட்டும் காட்டவில்லை. அவருடைய மூத்த திருப்பதிகத்தில் பெரும்பகுதி அந்தக் காடுதான். நாயின் துள்ளலைக் கூத்தனின் ஆட்டத்தோடு சேர்த்துப் பேசுவது மிகை என்று ஒருவர் முகம் சுளிக்கலாம். ஆனால் உலகத்தில் காண்பதுபோல என்று சொல்லித்தான் சூத்திரமே வாதத்தைத் தொடங்குகிறது. கண்ணெதிரே நடக்கும் விளையாட்டைப் பார்த்த பிறகுதான் லீலை என்ற கொள்கையே பிறக்க முடியும். தவிர, பைரவருக்கு வாகனமாக நிற்பது நாய்தானே.

உயிரியல் படித்தவர்கள் வேறு விதமாக மறுப்பார்கள்: விலங்கின் விளையாட்டு பயனற்றதல்ல, அது பயிற்சி என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். எதிர்பாராததற்கு உடம்பையும் மனத்தையும் பழக்குவதே பாலூட்டிகளின் விளையாட்டு என்ற கருதுகோளை ஷ்பின்கா, நியூபெரி, பெகாஃப் ஆகிய மூவரும் 2001இல் முன்வைத்தார்கள். விளையாடும் விலங்கு வேண்டுமென்றே நிலைதடுமாறும் நிலைக்குத் தன்னைக் கொண்டுபோகிறது, பிறகு சமாளித்து எழுகிறது என்பது அதன் சாரம். அப்படியானால் வழுக்கும் வரப்பும் சேறும் ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை, ஆட்டத்தின் சரக்கே அவைதான். முன்னங்காலைத் தரையில் பரப்பிப் பின்பக்கத்தைத் தூக்கி, 'வா, விளையாடலாம்' என்று நாய் அழைக்கும் அந்தக் குனிவைப் பச்சைப் புல்லில் எடுத்தால் அழகான படம் கிடைக்கும். வரப்பு விளிம்பில் எடுத்தால் நாய் எதோடு விளையாடுகிறது என்பதும் சேர்ந்து கிடைக்கும்.

வெளிச்சத்தைப் பற்றிய புகாரும் பாதிதான் உண்மை. கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதைச் சராசரிச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். உப்பு சட்டகத்தை நிறைத்தால் அது பயந்து ஒளியைக் குறைத்துவிடும். உப்பு அழுக்கு நிறமாகும், நாய் கரிக்கட்டையாகும். உலகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற முன்முடிவு கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது, பார்க்கிறவரிடம் மட்டும் அல்ல. ஒளியைக் கையால் ஒன்றிரண்டு படி கூட்டினால், இகழப்பட்ட அதே வெயில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பாய்ச்சலை உறைய வைக்கும். அதே வெள்ளைத் தரை, நாயின் வயிற்றுக்கும் தாடைக்கும் கீழிருந்து ஒளி பிடிக்கும். சாய்வெயிலில் இது கிடைக்காது.

கனமான மறுப்பு இனிமேல்தான். உப்பளம் வேலைத்தலம், அந்தக் கண்கூசலில் நாள் முழுதும் உப்பு வாருகிறவர்களுக்குக் கண்ணும் காலும் போகின்றன, அங்கே ஒரு செல்லப்பிராணியின் குதூகலத்தைத் தேடுவது வக்கிரம் இல்லையா? வேலை செய்கிறவர்களை வெட்டி எறிந்துவிட்டு நாயை மட்டும் வைத்துக்கொண்டால் வக்கிரம்தான். சிறுபாணாற்றுப்படையில், உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியோடு வந்த மந்தி ஒன்று முத்தைக் கிளிஞ்சலுக்குள் போட்டு, உமணப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடும். அதைப் பாடிய நத்தத்தனார் அந்தக் காட்சியைக் கொற்கையில் வைத்தார். ஆனால் அவர் பாடிய நல்லியக்கோடனின் ஓய்மாநாடு இந்தக் கரைதான், அதன் எயிற்பட்டினம் மரக்காணமே என்பவர்களும் உண்டு. வண்டியையும் உமணரையும் எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் மிஞ்சுவது ஒரு குரங்கு வித்தை. இடத்தைச் சட்டகத்துக்குள் விட்டுவைப்பது, அங்கே உழைப்பவர்களையும் விட்டுவைப்பது. மிதித்துக் கெட்டிப்படுத்திய பாத்திக்குள் நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் கேமராவுக்குப் பொருந்தாத இடமும் நாய்க்குப் பொருந்தாத இடமும் ஒன்றல்ல. முன்னதற்குத்தான் இதுவரை வக்காலத்து வாங்கினேன். பின்னதற்கு வாதமே கிடையாது. முற்றிய உப்புநீரைக் குடித்தால் நாயின் உயிருக்கே ஆபத்து. கொதிக்கும் தரையில் பாதம் வெந்துபோகும், வெடிப்பில் உப்பு ஏறி எரியும். அங்கே அது குதிப்பது விளையாட்டுதானா என்பதே சந்தேகம். அப்படிப் பார்த்தால் மே மாதப் பகலில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழை தொடங்கி உப்பு எடுப்பது நின்றபின் மரக்காணத்தில் தரை குளிர்ந்திருக்கும், பாத்திகளில் மழைநீர் நிற்கும், வானம் மங்கிக் கிடக்கும். படமெடுப்பவர் வெளிச்சம் போதவில்லை என்று குறைப்படும் அந்த மாதங்கள்தான் நாய்க்குத் தோது. உப்பளத் தொழிலாளிக்கு அவை கூலியில்லாத மாதங்கள்.