காட்டு விலங்கும் பொதுப்பணமும்

ஒரு நாட்டு மக்கள் எதனைத் தங்கள் பெருமையென்று பேசுகிறார்களோ, அதற்காகும் செலவையும் அவர்களே ஏற்றல் வேண்டும் என்பது நியாயம். நமது ஜொகூர் மாநிலச் சின்னத்தின் இருபுறமும் புலிகள் நிற்கின்றன. மலேசியச் சின்னத்திலும் அவ்வாறே. பந்தாட்ட மைதானத்தில் நமது இளைஞர் தொண்டை வறளக் கூவுவதும் புலியின் பெயரையே. ஆயினும், 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, தீபகற்பத்துக் காடுகள் அனைத்திலும் எஞ்சிய புலிகள் 150க்கும் குறைவு. 1950ஆம் ஆண்டுகளில் சுமார் 3,000 இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. சின்னத்திலுள்ள புலிக்குச் செலவில்லை. காட்டிலுள்ள புலிக்குச் செலவுண்டு. அச்செலவு யாருடைய கடன் என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் கேள்வி.

இக்கேள்வியை எழுப்பியவுடன் தோட்டங்களில் ஒரு மறுமொழி பிறக்கும். ‘மனிதனுக்கே வழியைக் காணோம், மிருகத்துக்கு எதற்குப் பணம்?’ என்பது அது. இதனை அறியாமையென்று ஒதுக்கிவிடுதல் பட்டணத்தார்க்கு எளிது. நாம் அவ்வாறு ஒதுக்க மாட்டோம். நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்தபோது, காட்டை அழித்துத் தோட்டமாக்கும் வேலையே அவர்களுக்கு வாய்த்தது. காய்ச்சலுக்கும் பாம்புக்கும் புலிக்கும் அஞ்சி லயங்களில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிற் பலர், ரப்பர் செம்பனையாக மாறியபோதும், தோட்டம் வீட்டுமனையாக மாறியபோதும், வேலையோடு குடியிருப்பையும் இழந்து வெளியேறினர். இத்தகையோரிடம் சென்று, ‘புலிக்கு இடம் விடுக’ என்று உபதேசம் செய்வதற்கு முன், உபதேசிப்பவன் தன் மடியை அவிழ்க்க வேண்டாமா?

குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரங்களில் யானையால் விளையும் நட்டம் எத்தகையது என்பதை அங்குள்ளோர் நன்கறிவர். இளஞ்செம்பனையின் குருத்து யானைக்கு விருப்பமான உணவு. கூட்டமொன்று ஓர் இரவு புகுந்து சென்றால், சிறு தோட்டக்காரனின் சில ஆண்டு உழைப்பு மண்ணோடு மண்ணாகிறது. பெருந்தோட்டமாயின், அந்நட்டம் கணக்கில் ஒரு வரியாக எழுதப்பட்டு முடிந்துவிடும். தோட்டத்துக் கிராணிகளாகிய நாம் அத்தகைய வரிகளை எழுதுபவர்களே. ஐந்து ஏக்கர் உடையவனுக்கோ அந்நட்டத்தைத் தாங்கக்கூடிய வேறு வரவு இல்லை. யானை உயிரோடிருப்பதால் வரும் மகிழ்ச்சி நாட்டார் அனைவர்க்கும் பொது. அதனால் வரும் நட்டம் மட்டும் காட்டோரத்தில் வாழும் ஒருவன் தலையில் விழுகிறது. ஆகவே, தோட்டத்தில் எழும் அம்மறுமொழி, விலங்குகளுக்குப் பொதுப்பணம் கூடாது என்பதற்குச் சான்றாகாது. அந்நட்டத்தில் நாட்டார் எல்லோரும் பங்கு கொள்ள வேண்டும் என்பதையே அது வலியுறுத்துகிறது.

தனி மனிதனுக்குப் பொருந்தும் இந்த நியாயம் மாநிலத்துக்கும் பொருந்தும். அரசியல் சட்டப்படி நிலமும் காடும் மாநில சர்க்காரின் அதிகாரத்தில் இருப்பவை. காட்டு விலங்குகளின் பாதுகாப்போ மத்திய சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் பொதுவானது. மரத்தை வெட்டினால் மாநிலக் கஜானாவுக்கு வருவாய் உண்டு; வெட்டாது விட்டால் ஒரு காசும் இல்லை. காட்டைக் காத்தவன் ஏழையாகவும் அழித்தவன் செல்வனாகவும் ஆகும்படி ஏற்பாடு அமைந்திருக்கையில், நல்லொழுக்கத்தைப் போதிப்பதால் மட்டும் என்ன பயன்? இதனை உணர்ந்தே மத்திய சர்க்கார் 2019ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கென 60 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. 2025ஆம் ஆண்டின் திட்டத்தில் அத்தொகை 250 மில்லியனாக உயர்ந்தது.

இதனை மானியம் என்று சிலர் கூறுவர். மானியம் என்றால் கொடுப்பவன் கை மேலாகவும் வாங்குபவன் கை கீழாகவும் நிற்கும். நாம் இதனைக் கடன் தீர்த்தல் என்போம். ஜொகூர் ஆற்றின் நீரை இக்கரையில் நாமும் அக்கரையில் சிங்கப்பூர் மக்களும் குடிக்கிறோம். அந்நீரை மழையிலிருந்து ஏற்று மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடுவது மேட்டுநிலக் காடு. குடித்த நீருக்குக் கூலி கொடுப்பதைத் தருமம் என்று யாரேனும் சொல்வார்களா?

இனி, பணம் உரிய காலத்தில் வர வேண்டும் என்பதற்கு எண்டாவ்-ரொம்பின் காடு சாட்சியாக இருக்கிறது. ஜொகூரும் பகாங்கும் சந்திக்கும் அக்காடு, சுமத்திரா காண்டாமிருகத்தின் இருப்பிடமென்று பெயர் பெற்றிருந்தது. அதனைத் தேசியப் பூங்காவாக்க வேண்டுமென்ற யோசனை 1970ஆம் ஆண்டுகளிலேயே எழுந்தது. எனினும் 1977இல் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி தரப்பட்டது. நாடெங்கும் கண்டனம் கிளம்பவே, வெட்டு நின்றது. பின்னர் 1985-86இல் மலாயா இயற்கைச் சங்கம் அக்காட்டினுள் பெரியதோர் ஆராய்ச்சிப் பயணத்தை நடத்தியது. விஞ்ஞானிகளும் தொண்டர்களும் சேர்ந்து சென்று, அங்குள்ள செடிகொடிகளையும் உயிர்களையும் ஆராய்ந்தனர். 1993இல் ஜொகூர் பகுதியில் ஏறத்தாழ 48,900 ஹெக்டர் நிலம் பூங்காவாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. பொதுஜனங்கள் கூடி நின்றால் சர்க்காரும் செவி சாய்க்கும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

ஆனால் காண்டாமிருகம் என்னவாயிற்று? அதன் அழிவுக்குக் காரணங்கள் பல. கொம்புக்காக அதனைக் கொன்றனர். காடு துண்டு துண்டாயிற்று. எஞ்சிய சிலவும் ஒன்றையொன்று சந்திக்க இயலாதவாறு சிதறின. 2015இல் மலேசியக் காடுகளில் அது அற்றுப்போனதென்று அறிவிக்கப்பட்டது. பிடித்துப் பேணப்பட்டவற்றுள் கடைசியான இமான் 2019 நவம்பரில் சபாவில் மாண்டது. வீடு கட்டி முடிந்தபோது குடியிருக்க வேண்டியவன் இல்லை. புலியின் விஷயத்திலும் இவ்வாறே தயங்கி நிற்கப் போகிறோமா?

பணமும் காலமும் அமைந்தால் மட்டும் போதாது, ஒத்துழைப்பும் வேண்டும். ஒரு தோட்டம் மின்வேலி போட்டால் யானையின் பசி தீர்ந்துவிடுவதில்லை. அது வேலியில்லாத அடுத்த தோட்டத்துக்குச் செல்கிறது. பணமுடையவன் தன்னைக் காத்துக்கொள்ளும் முறையினாலேயே பணமில்லாதவனின் துன்பம் இரட்டிக்கிறது. யானை செல்லும் வழி எது, வேலி நிற்க வேண்டிய இடம் எது என்பதைத் தோட்ட நிர்வாகிகளும் சிறு தோட்டக்காரரும் சர்க்காரும் கூடியமர்ந்து தீர்மானித்தாலன்றி இத்துன்பம் தீராது. அவ்வாறே, கம்பிக் கண்ணிகளைத் தேடி அகற்றக் காட்டினுள் நடக்கும் கால்கள் வேண்டும். வனவிலங்கு இலாகா முன்னாள் போர்வீரர்களையும் பூர்வகுடியினரையும் இப்பணியில் அமர்த்தியிருப்பது பாராட்டத்தக்கது. பூங்காவின் வாயிலான பேத்தா ஊரில் வாழும் ஜக்கூன் மக்கள் தலைமுறை தலைமுறையாக அக்காட்டை அறிந்தவர்கள். அவ்வறிவுக்கு நல்ல சம்பளமும் மரியாதையும் அளித்தல் முறை.

கூட்டுறவு நமக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்மரம் சீவியவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினர். தனியொருவரால் வாங்க முடியாத தோட்டங்களைச் சங்கம் வாங்கிற்று. ஆயினும் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். அச்சங்கத்தில் பணம் கட்டியவனுக்கு லாபத்தில் பங்கு உண்டு. புலிக்காகப் பணம் கட்டியவனுக்கு அத்தகைய பங்கு ஒன்றும் வராது. கொடுப்பவர் கொடுக்க, கொடாதார் பெருமையில் மட்டும் பங்கு கொள்வர். ஆகையால் இதனை நன்கொடையாளரின் இரக்கத்துக்கு விட்டுவிடலாகாது. எல்லோரும் அனுபவிப்பதற்கு எல்லோரும் வரி கொடுப்பதே நேர்மை.

எனவே நாம் வேண்டுவன மூன்று. காட்டைக் காக்கும் மாநிலத்துக்கு மத்திய சர்க்கார் தரும் தொகை ஆண்டுதோறும் தவறாது வர வேண்டும். அது செலவான விதம் பொதுஜனங்கள் அறியும்படி வெளியிடப்பட வேண்டும். அதில் ஒரு பகுதி, விலங்கால் பயிரிழந்த ஏழையின் கைக்குத் தாமதமின்றிச் சேர வேண்டும். இவற்றைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. உரிமை கேட்பவர்க்குக் கடமையும் உண்டு. காட்டுப்பன்றிக்கென்று வைக்கும் கண்ணி புலியின் காலையும் பற்றும். அவ்வாறு பிடிபட்ட இறைச்சியை மலிவென்று வாங்காதிருப்பதும், தோட்டத்து எல்லையில் கண்ணியைக் கண்டால் இலாகாவுக்குத் தெரிவிப்பதும் நம் ஒவ்வொருவராலும் ஆகக்கூடியவை. இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.