அட்டையில் யார் மூஞ்சி

பத்திரிகைத் தொழிலுக்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. மனு எழுதி வைத்த மாதிரி எங்கேயும் எழுதி வைக்கல. ஆனா மீறினா கடைக்காரர் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவார். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் பத்திரிகைக்கு லேஅவுட் செய்ய வந்த தம்பி. விளம்பரக் கம்பெனியில் வேலை, நம்ம சேரிப் பிள்ளை.

நாங்கள் ஐந்து பேர். ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டு இசைக்கென்று ஒரு பத்திரிகை கொண்டுவரக் கிளம்பினோம். சபாக் கச்சேரிக்கு எழுத ஆள் இருக்கு. சினிமாப் பாட்டுக்கு அதைவிட இருக்கு. பறை, நையாண்டி மேளம், ஒப்பாரி, கானா, இப்போ நம்ம பிள்ளைகள் பாடுற ராப், இதுக்கெல்லாம் ஓர் இடம் வேணும் என்பது எண்ணம். 32 பக்கம், ரெண்டு ஃபாரம். அட்டை மட்டும் மல்டிகலர்.

தம்பி டம்மியை விரித்து வைத்துக்கொண்டு சொன்னான்: "பெட்டிக்கடையில கயித்துல கிளிப் போட்டுத் தொங்க விடுறாங்கண்ணே. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு இருக்கும். மேல இடது ஓரம்தான் வெளிய தெரியும். பேரு அங்கதான் வரணும். அட்டையில ஒரே ஒரு மூஞ்சி. அது வாங்குறவன் கண்ணப் பாக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்ச பத்திரிகைன்னா தலை போயி பேரு மேல லேசா இடிக்கலாம். நமக்கு இப்ப அது கூடாது." உள்ளே பேட்டி என்றால் முதல் எழுத்தைப் பெரிசாகப் போடணும். பேசினதில் சூடான ஒரு வரியை எடுத்துப் பெட்டி கட்டணும். இப்படி நிறைய. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் ஆசை.

அந்த மேல் இடது ஓரத்துக்காக நாங்கள் போட்ட சண்டை பெரிசு. இந்தச் சண்டை புதுசும் இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். வைத வார்த்தையையே எடுத்து உச்சியில் அச்சடித்தார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வைத்தார். விலையே பேரில் இருக்கிறது. மறு வருஷம் பைசா உதிர்ந்து 'தமிழன்' மட்டும் நின்றது. ஒருத்தர் பிறர் சொன்ன பேரை ஏத்துக்கிட்டு நிமிர்ந்தார், இன்னொருத்தர் எல்லாருக்குமான பேரைத் தனக்குரியதுன்னு எடுத்தார். எது சரி என்று என்னைக் கேட்டால் ரெண்டும் என்பேன்.

எங்களில் ஒரு தோழர் சாஸ்திரமே வேண்டாம் என்றார். "இது சந்தையோட மொழி. நாம எதுக்கு அதப் பேசணும்? பறை கூட்டமா நின்னு அடிக்கிறது, அதுக்கு எதுக்கு ஒத்த மூஞ்சி? சாணித்தாள்ல கோணல்மாணலா அச்சடிப்போம்." 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கிக் குமாஸ்தா டைப்ரைட்டரும் மார்க்கர் பேனாவும் வைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் எடுத்து, 'ஸ்னிஃபின் குளூ' நடத்தினதை உதாரணம் காட்டினார். பங்க் இசைக்கான பத்திரிகை அது. அழகுன்னு சொல்லப்பட்டதை எல்லாம் உதைத்துத் தள்ளியது.

எனக்கு அது ஒப்பவில்லை. பளபளப்பை ஆண்டு அனுபவித்த ஊரில் ஒருத்தன் அதைத் தூக்கிப் போடுவது கலகம், சரி. நமக்குச் சாணித்தாள் எப்போ கலகமா இருந்துச்சு? வேற தாள் வாங்கக் காசில்லாமல் அதில் அச்சடித்தோம். காந்தி சட்டையைக் கழற்றினதை உலகம் வியந்தது. அம்பேத்கர் கோட்டு சூட்டைக் கழற்றவே இல்லை. சட்டையே போடக்கூடாது என்று தடுக்கப்பட்டவன் கழற்றி என்ன நிரூபிக்கணும்? ஆகவே ஆர்ட் பேப்பர் வேணும், ஒத்த மூஞ்சி வேணும், அது கண்ணைப் பார்க்கணும் என்று நான் நின்றேன். நின்று ஜெயித்தேன் என்றும் சொல்லணும்.

ஆனால் அந்தச் சாஸ்திரம் யார் கைபட்டு வந்தது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்கணும். அமெரிக்காவில் 'பில்போர்டு' இசை வியாபாரப் பத்திரிகை. எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று பட்டியல் போடுவதை வழக்கமாக்கியதில் அதற்குப் பெரும் பங்கு. கறுப்பர்கள் வாங்கும் பாட்டுக்கு 1942இல் தனிப் பட்டியல் போட்டது. 1945இல் அதற்கு 'ரேஸ்' என்றே பேர் மாற்றியது, இனம் என்று. 1949இல்தான் அது 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆனது. பேர் மரியாதையாகிவிட்டது, பட்டியல் தனியாகவே இருந்தது. டீக்கடையில் தனிக் குவளையைக் கழுவி நல்ல கண்ணாடி டம்ளராக மாற்றி வைத்த மாதிரி.

1967இல் சான் பிரான்சிஸ்கோவில் யான் வென்னர் தொடங்கிய 'ரோலிங் ஸ்டோன்' இன்னொரு பாடம். முதல் இதழ் அட்டையில் ஜான் லெனான், தலையில் ராணுவத் தொப்பியுடன். பிறகு அந்த அட்டையில் வருவதே ஒருவருக்குப் பட்டாபிஷேகம் ஆயிற்று. 2023இல் வென்னர் தன் பேட்டிகளைப் புத்தகமாக்கினார். ஏழு பேர், ஏழும் வெள்ளை ஆண்கள். ஏன் என்று நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, பெண்களும் கறுப்பர்களும் அந்த அளவுக்குத் தெளிவாகப் பேசக்கூடியவர்களாக இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். எதிர்ப்புக் கிளம்பி, அவரே சேர்ந்து உருவாக்கிய ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பின் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். எனக்கு அவர் நீக்கப்பட்டது முக்கியமில்லை. அதற்கு முந்தின ஐம்பது வருஷ அட்டைகள்தான் உறுத்துது.

அதே பத்திரிகையின் இந்தியப் பதிப்பு 2021 ஆகஸ்டில் அட்டையில் போட்டது பாடகி தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும். அந்த வருஷம் மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய அறிவு அட்டையில் இல்லை. தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அவர் எடுத்த பாட்டு அது. பா.ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டபிறகு, அறிவைத் தனியாக வைத்து ஓர் இணைய அட்டை வந்தது. அட்டையில் இருந்த இருவரையும் நான் குற்றவாளி ஆக்கவில்லை. அங்கே யாரும் உட்கார்ந்து, இவனை விலக்குன்னு திட்டம் போட்டிருக்கணும்னு அவசியமே இல்ல. எந்த மூஞ்சி விற்கும் என்று தொழிலுக்குத் தெரியும், கை தானாக அங்கே போகும். அதுதான் சாஸ்திரம்.

இதையெல்லாம் தோழர்களிடம் நீட்டி முழக்கிவிட்டுத்தான் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். ரத்த உறவு இல்லை, எங்கள் பக்கத்து ஊர்ப் பறையாசான். எழுபது தாண்டியவர். சாவுக்கு அடிக்கிறதை அவர் வயசிலேயே ஊர்ச்சேரி கூடி நிறுத்திவிட்டது. அப்புறம் போராட்ட மேடைகளில் அடித்திருக்கிறார். முதல் அட்டை அவர்தான் என்பது எங்கள் முடிவு. தீ மூட்டித் தோலைக் காய்ச்சும்போது, வேர்வையோடு, கறுப்பு வெள்ளையில் எடுக்கணும் என்று போட்டோகிராபர் மனசுக்குள் வரைந்து வைத்திருந்தார். எனக்கும் அதுதான் ஆசை.

பெரியப்பா வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பறைய எடுத்துட்டு வரட்டுமா பெரியப்பா?"

"எதுக்குப்பா? அது அங்கயே கெடக்கட்டும். என்ன எடு."

"இசைப் பத்திரிகை. பறை இல்லன்னா நீங்க யாருன்னு தெரியாதே."

"இளையராசா படம் போட்டா பொட்டிய மடியில வச்சா போடுறானுவ?"

என்னிடம் பதில் இல்லை. பேர் தெரிந்தவனுக்கு மூஞ்சி போதும். மற்றவனுக்குக் கருவியைக் கையில் கொடுத்து, கையை அசைய விட்டு, கண்ணை எங்கேயோ பார்க்க வைத்து, கீழே 'பறையடிக்கும் கலைஞர்' என்று போடுவோம். கிழவர் கேட்டது நட்சத்திரத்துக்குக் கொடுக்கிற அதே மரியாதை. நான் மேடையில் பேசுகிற மரியாதை. விடுதலை இசை, விடுதலை இசை என்று சொல்லிச் சொல்லி, அவர் தோளில் அந்தக் கருவியை மறுபடி மாட்டப் பார்த்தது நான்தான். இதில் வேர்வை வேறு வேணுமாம் எனக்கு!

நாற்காலியிலேயே எடுத்தோம். நேராகப் பார்க்கிறார். நல்ல படம். தம்பி தலையைப் பேர் மேல் இடிக்கவே விட்டான். "பரவாயில்லண்ணே, இவருக்காக இருக்கட்டும்" என்றான்.

பிளேட் போட நாலு நாள் இருக்கும்போது அவர் மகன் வந்தார். டவுனில் வேலை, வாடகை வீடு. வீட்டுக்காரர் என்ன ஆளுங்க என்று கேட்டபோது ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறார். "பத்திரிகை எங்க தெருக் கடையிலயும் தொங்கும்ல அண்ணே? அப்பா பேரு, ஊரு, பறையாசான்னு கீழ இருக்கும்ல?" நான் சாதி மறைப்பு அடிமைத்தனம் என்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. "வீடு பாத்துக் குடுங்கண்ணே, போடுங்க" என்றார்.

பேரில்லாமல் படம் மட்டும் போடலாமா? பேரில்லாத மூஞ்சிதானே இத்தனை காலமும் நம் மேல் சுமத்தப்பட்டது. பேரை மாற்றிப் போடலாமா? அது அவருக்குச் செய்கிற துரோகம். அவர் சம்மதம் இருக்கிறது, மகனைப் பொருட்படுத்தாமல் போடலாமா? அவமானத்தின் செலவை யார் கட்டுகிறார்கள் என்பதைப் பார்க்காத துணிச்சல் எனக்கு வேண்டாம் என்று பட்டது. முடிவு எடுக்கவிடாமல் பெரியப்பாவே போனில் சொல்லிவிட்டார்: "எடுத்துடு தம்பி. அவன் குடியிருக்கணும்ல."

இந்தக் கட்டுரையிலும் அவர் பேர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அட்டைக்கு ஆள் வேணும். நகரத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி, ஒரு கலைக்குழுவில் பறை அடிக்கிறாள். தானே விரும்பி, பேர் போட்டு, பறையோடு நின்றாள். பெண் கையில் பறை, நீலச் சட்டை, சிரிப்பு. அட்டை அருமையாக வந்தது. தோழர்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. அவளுக்கு அந்த இடத்துக்கு முழு உரிமை உண்டு. ஆனால் விற்கிற மூஞ்சி அட்டைக்கு வந்தது, சொல்லிக்கொடுத்த மூஞ்சி உள்ளேகூட வரவில்லை. எங்கள் கையும் தானாகத்தான் அங்கே போயிருக்கு. வேற என்ன செய்திருக்கணும் என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியல.

இதழ் வந்ததும் ஒன்றைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் படம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தப் புள்ள எடங்கையா?"

"இல்லையே பெரியப்பா."

"சிம்புக்குச்சி சோத்தாங்கையில இருக்கு. அடிக்குச்சி எடங்கையில. வாரு வேற வலத்தோள்ல."

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் கொஞ்சம் தயங்கிச் சொன்னான். ஒரிஜினலில் பறை இடது பக்கம் வந்ததாம். தலைப்பு வரிகளுக்கு இடம் வேணும் என்று படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிவிட்டானாம். எல்லாரும் செய்கிறதுதான், யாரும் கவனிக்க மாட்டாங்க என்றான்.