எல்லாரும் கரையேறுவார்களா?

முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிசெய்த சவேரியார், 1549-இல் ஜப்பான் சென்றார். ஞானஸ்நானம் பெற்ற அந்நாட்டவர், இறந்துபோன தாய் தந்தையர் நரகிலிருந்து மீளவே முடியாதென்று கேட்டு அழுதார்களாம். 1552-இல் அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கண்ணீருக்கு என்ன பதில்? 'முடிவில் எல்லாரும் கரையேறுவர்' என்று நம்பும் கிறிஸ்தவர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். முடிவில்லாத தண்டனையை ஐயுற்ற ஆங்கிலேயப் பாதிரியார் மாரிஸ், 1853-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பதவியை இழந்தார். திருச்சபையை மட்டும் விடவில்லை.

அதை வேஷம் என்று ஏசலாமா? நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. தாமலை அடுத்த திருப்புட்குழியில் பயின்றவராகச் சொல்லப்படும் இராமானுஜர், தாம் நரகம் புகுந்தாலும் பிறர் உய்யட்டுமென்று திருக்கோட்டியூரில் மந்திரத்தை ஊரறிய உரைத்தார். சினந்த ஆசாரியரே பிறகு தழுவிக்கொண்டாராம். அவர் கோயிலை விட்டு ஓடியிருந்தால் அந்தத் தழுவல் ஏது?

தாயை நரகில் விட்டுப் பிள்ளை மோட்சத்தில் மகிழ முடியுமா? சபைக்குள் இருந்தே இதைக் கேட்பவன், சபையை நேசிப்பவன்தான்.