நேர்மை மட்டும் போதுமா?

பொதுவாழ்வில் ஈடுபட்டவன் பொருளாசை அற்றவனாயின், அவன் செய்வன யாவும் நல்லனவே என்று கருதுவோர் நம்மிடையே பலர். இக்கருத்து பொருந்துமா என ஆராய்வதற்குக் கிரேக்க நாட்டுச் சேனைத் தலைவர் நிக்கொலாஸ் பிளாஸ்திராஸின் வாழ்க்கை தக்கதோர் உரைகல்லாகும்.

1883இல் பிறந்த இவர், சாதாரணச் சிப்பாயாகப் படையிற் சேர்ந்து, தம் ஆற்றலால் உயர்ந்தார். மூன்று முறை பிரதம மந்திரியாக இருந்தும், சொத்தென்று சொல்லத்தக்க எதனையும் விட்டுச் செல்லாமல் 1953இல் இறந்தார். இவரது கைத்தூய்மையைப் பகைவரும் மறுத்திலர்.

ஆயினும், கைத்தூய்மை வேறு, நீதி வேறு. 1922இல் ஆசியா மைனரில் கிரேக்கப் படை துருக்கியரிடம் தோற்றுச் சிதறியபோது, பிளாஸ்திராஸும் அவர்தம் தோழரும் ஆட்சியைக் கைப்பற்றினர். மன்னர் கான்ஸ்டன்டைன் முடி துறந்தார். தோல்விக்குக் காரணரென்று, முன்னாள் பிரதம மந்திரிகள் மூவர் உட்பட அறுவர் அவ்வாண்டு நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு காசும் தீண்டாத கை, ஆறு உயிர்களைப் பறிக்கத் தயங்கவில்லை.

1924 ஜனவரியில் பிளாஸ்திராஸ் தேசிய சபையிடம் அதிகாரத்தை ஒப்படைத்து விலகினார். வாளாற் பெற்ற பதவியைத் தாமே துறப்போர் உலகிற் சிலரே. அதனை நாம் போற்றுகின்றோம். ஆனால், மன்னர் கட்சியார் அத்தேர்தலைப் புறக்கணித்தமையால், அச்சபையில் நிறைந்திருந்தோர் அவருடைய கொள்கைக்கு இணங்கியவரே. நண்பரிடம் கொடுப்பது எளிது. மாற்றாரிடம் கொடுப்பதன்றோ சோதனை!

அச்சோதனை 1933இல் வந்தது. அவர் ஆதரித்த வெனிசெலாஸின் அணி தேர்தலில் தோற்றது. மறுநாளே பிளாஸ்திராஸ் படையைக் கொண்டு ஆட்சியைப் பிடிக்க முயன்றார். முயற்சி முறியவே, நாட்டைவிட்டு ஓடினார். தமக்கென அவர் ஒன்றும் வேண்டினாரல்லர். எனினும், மக்களின் முடிவைக் காட்டிலும் தம் முடிவே மேலானதென எண்ணினார். தன்னலமற்றோரிடத்தும் குடிகொள்ளும் செருக்கு இதுவே.

முதுமையில் அவர் வேறு வழி சென்றார். உள்நாட்டுப் போரின் புண்ணை ஆற்ற மன்னிப்பை வற்புறுத்தினார். 1952இல் அவரது ஆட்சியிலேயே பாராளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு நவம்பரில் பப்பாகோஸ் பெருவெற்றி பெற்றபோது, பிளாஸ்திராஸ் வாளை நாடவில்லை. நோயும் தளர்ச்சியுமே அதற்குக் காரணமென்பாரும் உளர், இருக்கலாம். ஆயினும் செயல் செயலே.

ஆதலின், தலைவனைத் தேரும்போது இரு வினாக்களை எழுப்புவோமாக. இவன் பொதுப் பணத்தைத் தீண்டாதவனா என்பது ஒன்று. நாம் 'வேண்டாம்' என்றால் விலகுவானா என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு மட்டும் விடை கண்டு மகிழ்வோர், நல்லவன் கையிலுள்ள வாளும் வெட்டும் என்பதை மறந்தோராவர்.