அந்த ஓசை எங்கே அடங்கும்?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் இருக்கிற ஐயம்பேட்டை, தறியும் குடித்தனமும் ஒரே கூரைக்குள் நடக்கும் நெசவு ஊர். இப்படிப்பட்ட ஊரின் பழைய தெருவில் செம்புக் கம்பித் தொலைபேசி பழுதானால், எந்த வீட்டுக்கு எந்தக் கம்பி என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். தெருவில் இணைப்புகள் பிரியும் டிபி பெட்டிக்குள் பல கம்பி ஜோடிகள் நெருக்கியடித்து நிற்கும். வெளியே வந்த கம்பி சுவர்ப் பூச்சுக்குள் புகுந்து மறைந்துவிடும். அதனால் லைன்மேன் கம்பியின் ஒரு முனையில் டோன் ஜெனரேட்டரை மாட்டி, ஏறி இறங்கும் ஓர் ஓசையை மின்னலையாக உள்ளே அனுப்புகிறார். மறுமுனை இருக்கக்கூடிய இடத்தில் புரோபை நீட்டுகிறார். புரோப் செம்பைத் தொடுவதே இல்லை. கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தை உணர்ந்து, பெருக்கி, காதுக்குத் தருகிறது. ஓசை ஏறி இறங்குவதற்கும் காரணம் உண்டு: வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலோடு அதைக் காது குழப்பிக்கொள்ளக் கூடாது. இவ்வளவுக்குப் பிறகு அவர் சுவரில் கைவைத்து ‘இங்கேதான்’ என்றால் நம்பி உடைக்கிறோம். காணாத கடவுளைப் பற்றியும் ‘இங்கேதான்’ என்று அதே உறுதியோடு சொல்கிறவர்கள் உண்டு. இரண்டு உறுதிகளும் ஒரே தரம்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்க காஞ்சி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. மணிமேகலை பல சமயவாதிகளின் வாதங்களை வஞ்சியில் கேட்டு முடித்து, காஞ்சிக்கு வந்துதான் அறவண அடிகளிடம் தருக்கம் கற்கிறாள். காப்பியத்தின் 29ஆம் காதை ஏறத்தாழ முழுவதும் பௌத்த அளவையியல் பாடம். அழகுக்காகக் காப்பியம் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவதில் வியப்பில்லை. பௌத்த தருக்கவாதி திக்நாகர் வழிவந்த அந்தப் பாடத்தின் சாரம் ஒரு நிபந்தனையில் இருக்கிறது. மலையில் நெருப்பு உண்டு என்பதற்குப் புகையைக் காரணமாகக் காட்டினால், புகை அந்த மலையில் இருக்க வேண்டும். நெருப்புள்ள அடுக்களை போன்ற இடத்திலும் காணப்பட வேண்டும். நெருப்பே இல்லாத நீர்நிலையில் அது இருக்கவே கூடாது. மூன்றாவதுதான் உயிர்நிலை. நெருப்புள்ள சாதக இடத்திலும் அது இல்லாத பாதக இடத்திலும் ஒன்றுபோலத் தென்படும் காரணத்தை அந்தக் காதை போலிக் காரணங்களின் பட்டியலில் சேர்த்துவிடுகிறது.

டிபி பெட்டியின் முன் நிற்கும் லைன்மேனுக்கு மணிமேகலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த மூன்றாவது நிபந்தனை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஜோடியில் விட்ட டோன் பக்கத்து ஜோடிகளுக்கும் கசியும். ஜெனரேட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மற்றதை எர்த்திலும் கொடுத்தால் ஓசை பலமாக வரும், கசிவும் கூடவே பெருகும். ஜோடியின் இரு கம்பிகளுக்கும் கொடுத்தால் ஓசை மெலியும், அடையாளம் துல்லியமாகும். பலமாகக் கேட்பதும் சரியாகக் கேட்பதும் வேறு வேறு என்பதை இந்தத் தொழில் முதல் வாரத்திலேயே கற்றுத் தந்துவிடும். ஓசை கேட்டது என்பதோடு கைதேர்ந்தவர் நிறுத்துவதில்லை. சந்தேகப்பட்ட ஜோடியின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து ஷார்ட் செய்கிறார். இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தம் விழுகிறது. சரியான ஜோடியாக இருந்தால் புரோபில் ஓசை அடங்கிவிடும். அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால், அது வேறு ஜோடியிலிருந்து கசிந்து வந்தது. ஓசையைவிட அதன் அடக்கம்தான் சான்று. பட்டுக்காரர்களின் ஜரிகைச் சோதனையும் அந்த மூன்றாவது நிபந்தனைக்குக் கட்டுப்பட்டதுதான். அசல் ஜரிகையின் உள்ளிழை சிவப்புப் பட்டு என்பதால் சுரண்டிப் பார்த்துச் சிவப்பைத் தேடுவார்கள். போலியின் உள்ளிழைக்கும் சிவப்புச் சாயம் ஏற்றிவிட்டால் அந்தச் சோதனை அன்றோடு செத்தது. பிறகு வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்று கருவியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது சமயத்துக்கு வருவோம். இறையருளுக்குச் சான்றாக நம்மிடையே அதிகம் சொல்லப்படுவது வாழ்வனுபவம். நோய் தீர்ந்தால் அருள். தீராவிட்டால் வினை கழிகிறது, அதுவும் அருள். கேட்டது கிடைத்தால் கருணை, கிடைக்காவிட்டால் சோதனை. எந்த நிலையிலும் அடங்காத ஓசை இது. அனுபவித்தவரின் ஆறுதலை நான் சிறுமைப்படுத்தவில்லை. அந்த ஆறுதல் உண்மையானது. ஆனால் எது நடந்தாலும் ஒரே முடிவுக்குச் சான்றாகும் ஒன்று, எதற்கும் சான்றாகாது.

கடவுள் ஒரு கம்பி அல்ல என்பார்கள். எங்கும் நிறைந்த பொருளுக்கு, அது இல்லாத இடம் ஒன்றை எப்படிக் காட்டுவது? நியாய மரபினர், எல்லாவற்றிலும் உள்ள பண்புக்குப் பாதக இடம் தேவையில்லை என்று தனி வகை அனுமானமே வைத்திருந்தார்கள். வலுவான மறுப்புதான். ஆனால் அது தப்புவிப்பது முடிவை, சான்றை அல்ல. எங்கும் நிறைந்தது ஒன்று இருக்கலாம். இந்த நிகழ்ச்சி அதைக் காட்டுகிறது என்று மட்டும் சொல்ல முடியாது. இதை எல்லோரையும்விடக் கூர்மையாகக் கண்டவர் இராமானுசர் என்று நினைக்கிறேன். சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டாரின் சிவஞானபோதம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகிலிருந்து அதற்கு ஒரு முதல்வன் உண்டென்று அனுமானத்தால் நிறுவத் தொடங்குகிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியவர் இராமானுசர். காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பயின்றவர் என்பது மரபு. அவர் தம் நூலான ஸ்ரீபாஷ்யத்தில் இப்படிப்பட்ட வாதத்தையே மறுக்கிறார். குடத்துக்குக் குயவன் உண்டு, சரி. மாளிகையைப் பலர் சேர்ந்தல்லவா கட்டுகிறார்கள்? உலகை ஒருவனே, ஒரே வேளையில் செய்தான் என்று எந்த அனுமானம் சொல்கிறது? நாம் கண்ட செய்வோர் எல்லோருக்கும் உடல் உண்டே, ஈசனுக்கு? ஆகவே பிரம்மத்தை அறிய சாத்திரம் ஒன்றே வழி என்று முடிக்கிறார். நாத்திகர் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு வைணவ ஆசாரியர் கேட்டுவிட்டுப் பெருமாளைச் சேவிக்கப் போகிறார். இந்த நேர்மை நம் மேடைப் பேச்சாளர்களிடம் அரிது.

எதிர்ப்பக்கத்தின் அவசரத்தையும் கண்டிக்க வேண்டும். ஓசை கேட்கவில்லை, ஆகவே கம்பி இல்லை என்பதும் பிழையே. உலோகக் கவசம் போட்டு எர்த் செய்த கேபிளுக்குள் டோன் ஓடிக்கொண்டிருக்கும், புரோபில் ஒன்றும் கேட்காது. காணக்கூடிய பொருளைக் காணாததுதான் இன்மைக்குச் சான்று, காணவே இயலாததைக் காணாதது சந்தேகத்துக்கு மேல் போகாது என்று பௌத்த தருக்கவாதி தர்மகீர்த்தி வரையறுத்ததும் இதைத்தான்.

இன்னொரு மறுப்பு இவற்றைவிட ஆழமானது. கம்பியில் ஒலிப்பது லைன்மேன் தானே விட்ட டோன். பக்தருக்குக் கேட்பதும் மனிதன் தன் ஏக்கத்தை அனுப்பித் திரும்பக் கேட்கும் ஓசைதான். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். முதல் பாதியை ஒப்புக்கொள்ளலாம். ஓசை நம்முடையதே. ஆனால் அது போகும் பாதை நம்முடையதல்ல. எந்தச் சுவருக்குள் திரும்புகிறது, எந்த ஜாயின்ட்டில் அறுந்து நிற்கிறது என்பதைக் கம்பி தீர்மானிக்கிறது. நாம் அனுப்பியது நாம் எதிர்பாராத இடத்தில் வெளிப்பட்டால் அங்கே நம்மைத் தவிர ஏதோ இருக்கிறது. எனவே பக்தி வெறும் எதிரொலி என்று சொல்ல, அது நம் விருப்பத்தை அப்படியே திருப்பித் தருகிறது என்று காட்டியாக வேண்டும். விரும்பாத திசைக்கு, சொத்தையும் சாதிப் பெருமையையும் விடும் அளவுக்கு, பக்தி இழுத்துச் சென்ற வாழ்க்கைகள் உண்டு. அவை கடவுளை நிறுவவில்லை. ஃபாயர்பாக்கின் விளக்கத்தை எளிதாக ஏற்கவும் விடவில்லை.

அனுமானமும் அனுபவமும் போக எஞ்சுவது உரை, அதாவது சொல்லையும் ஏட்டையும் நம்புவது. லைன்மேனும் முதலில் உரையைத்தான் நம்புகிறார்: தெருவோரக் கேபிள் பில்லரில் எழுதிய எண், ஜோடியின் நிறம், பதிவேடு. என்றோ ஒருவர் ஜோடியை மாற்றிக் கொடுத்துவிட்டு எழுதாமல் போயிருந்தால், டோன் அந்த ஏட்டைத் திருத்தும். இராமானுசர் கண்ட சாத்திரத்துக்கு இப்படித் திருத்தும் கருவி வெளியில் இல்லை. அதை அவர் குறையாகக் கருதவில்லை, அதன் தன்மை என்றே கொண்டார். அதை ஏற்பவர் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்: பிறர் சாத்திரத்தைத் தருக்கத்தால் உடைத்துவிட்டு, தம் சாத்திரத்துக்கு மட்டும் நோய் தீர்ந்த கதைகளைச் சான்றாக அழைக்கும் உரிமையை.