பாலாலயமும் வீதியும்
கோவில்பட்டியில் செண்பகவல்லி அம்மனைத் தொழுதுவிட்டு மதுரைக்குச் செல்லும் கரிசல் பூமியினர், 2015-இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பயனாய்க் கல் பாவப்பெற்றுப் புதுப்பொலிவு எய்திய மீனாட்சியம்மன் கோயிலின் சித்திரை வீதிகளைக் கண்டு வியக்கின்றனர். வண்டிகள் விலக்கப்பட்ட அவ்வீதிகளில் பக்தன் அச்சமின்றி நடக்கிறான் என்பதை நானும் மனமார ஏற்கிறேன். ஆயினும், ஜீர்ணோத்தாரணம் என்னும் புதுப்பிப்புத் திருப்பணிக்கு முன் தெய்வசாந்நித்தியத்தைக் கலசத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் வைத்துப் பூஜித்து, திருப்பணி நிறைவுற்றபின் மூலஸ்தானத்திலேயே மீண்டும் சேர்ப்பிக்கும்படி விதித்த ஆகமம், கல்லைக் காட்டிலும் அதனுள் உறையும் உயிர்ப்பையே பெரிதெனக் கொண்டது. கோயில் வீதியின் உயிர்ப்பு பூத்தொடுத்து விற்பவளும் தரைக்கடை வணிகனும் அல்லரோ? அவர்களின் ஜீவனத்தைக் காக்கவே 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டமும் இயற்றப்பட்டது. நாளை நம் கோவில்பட்டிச் சந்நிதித் தெருவைப் புதுப்பிக்க முனைவோர், அவர்களுக்கு முதலில் மாற்றிடம் வகுத்து, வேலை முடிந்தபின் பழைய இடத்திலேயே அமர்த்துவதாக உறுதி தந்து, அதன்பிறகே கடப்பாரையை எடுக்குமாறு வேண்டுகிறேன்.